முதலில் விடைபெறும் மணம்

குளித்துத் துடைத்த கையோடு, மணிக்கட்டில் இரண்டு சொட்டு. பிறகு ஒரு நிமிடம் எதுவும் செய்வதில்லை. செருப்பைத் தேடுவதில்லை, கைப்பேசியைத் தொடுவதில்லை. அந்த ஒரு நிமிடம் லாவெண்டருக்கு.

முதலில் வருவது ஒரு குளிர்ச்சி. பச்சைக் கற்பூரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அதன் பின்னால் வெயிலில் காய்ந்த புல்லின் வாடை. அதற்கும் பின்னால், கொஞ்சம் தயங்கி, பூ. காரோன் என்ற பாரிஸ் நிறுவனம் 1934-இல் வெளியிட்ட 'பூர் அன் ஓம்' என்ற வாசனைத் திரவியம் இது. பெயருக்கு 'ஓர் ஆணுக்காக' என்று பொருள். தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் விற்பனையில் இருக்கிறது. செவ்வகக் கண்ணாடிக் குப்பியில் எந்த அலங்காரமும் இல்லை. மருந்துக்கடை அலமாரியில் வைத்தால்கூட வித்தியாசமாகத் தெரியாது.

முதன்முதலாகப் பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்த அன்று அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடா, தலைவலியா? தைலம் தேய்ச்சிருக்கியா?"

அவள் மூக்கு தவறவில்லை. மல்லிகையிலும் சந்தனத்திலும் திருநீற்றிலும் பழகிய வீட்டில், இப்படிக் குளிர்ந்து வரும் எந்த மணத்துக்கும் தைலம் என்றுதான் பெயர். பூ என்றால் நமக்கு இனிக்க வேண்டும், கொஞ்சம் மயக்கவும் வேண்டும். லாவெண்டர் இரண்டும் செய்வதில்லை. அது நெற்றியைத் துடைத்துவிடுகிற பூ.

ஆனாலும் எனக்கு அது முற்றிலும் அந்நியமாகப் படவில்லை. எங்கேயோ தெரிந்த மணம். எங்கே என்று பிடிபடப் பல மாதங்கள் ஆயின. சாம்பார் பொடிக்காக மொட்டை மாடியில் தனியா காயப்போட்டிருந்தார்கள். சும்மா இருந்த கை நாலு மணிகளை எடுத்து நசுக்கியது. முகர்ந்தேன். அதேதான். தனியாவின் மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளால் வருகிறது. லாவெண்டர் எண்ணெயிலும் அதே லினலூலும், அதன் நெருங்கிய உறவான லினலைல் அசிடேட்டும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. தனியாவிலும் லாவெண்டரிலும் லினலூல் ஒன்றுதான் என்றாலும், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பம். பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் மலைச்சரிவில் ஒரு கை, எங்கள் மொட்டை மாடியில் மறு கை.

அந்த மலைச்சரிவில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. படங்களில் நாம் பார்த்து வியக்கும் வலன்சோல் பீடபூமியின் ஊதா வரிசைகளில் பெரும்பாலானவை 'லாவண்டின்' என்ற கலப்பினம். எண்ணெய் நிறையக் கொடுக்கும், கற்பூர நெடியும் கூடுதல், சோப்புக்கும் சலவைத் தூளுக்கும் போகும். அசல் லாவெண்டர் அதைவிட உயரமான, வறண்ட சுண்ணாம்பு மண்ணில் குட்டையாக வளர்கிறது. கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ஆனால் அதில் பழத்தின் சாயல்கூட லேசாக வரும். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

லாவெண்டரின் மணம் இதழில் இல்லை. இதழைத் தாங்கி நிற்கும் புல்லிவட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சுரப்பிகளில் எண்ணெயாக அடைபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் துணிப் பையில் கட்டி அலமாரியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் மணக்கிறது. கசக்கினால் மறுபடி உயிர் வருகிறது. மல்லிகையை அப்படி வைக்க முடியுமா? இரவெல்லாம் வாரி இறைத்துவிட்டு விடியும்போது வாடிக் கிடக்கும். ஆனால் செடியில் அத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் அதே எண்ணெயை வடித்து எடுத்துத் தோலில் வைத்துப் பாருங்கள். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. உடம்புச் சூட்டில் முதலில் ஆவியாகிப் போவது அதுதான். சேமித்து வைத்ததெல்லாம் கதவு திறந்த மாத்திரத்தில் கிளம்பிவிடுகிறது.

லாவெண்டர் நீரை மட்டும் நம்பியிருந்த காலத்து ஆட்களுக்கு இது பழகிப்போயிருக்கும். லண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்ற ஊரில் வயல் வயலாக லாவெண்டர் விளைந்த காலம் ஒன்று இருந்தது. நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் யார்ட்லியின் இங்கிலிஷ் லாவெண்டர் 1873-இல் வந்தது. இவை சுத்தமான, நேரான மணங்கள். பூசுவார்கள், போய்விடும், மறுபடி பூசுவார்கள்.

போகிற மணத்துக்குத் துணை கொடுத்தது வேதியியல். வில்லியம் பெர்க்கின் 1856-இல், தன் 18 வயதில், கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தவர். 1868-இல் கூமரினைச் செயற்கையாகச் செய்ததும் அவரே. காய்ந்த வைக்கோலின் இனிப்பு வாடை அது. லாவெண்டரின் நிறத்தைத் துணிக்குக் கொடுத்த அதே கை, லாவெண்டருக்கு ஒரு துணையையும் கொடுத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருக்கும். 1874-இல் வனிலாவின் மணம் தரும் வனிலினும் செயற்கையாக வந்தது. கெர்லான் நிறுவனம் 1889-இல் வெளியிட்ட 'ஜிக்கி' இவை எல்லாவற்றையும் லாவெண்டரோடு சேர்த்து வைத்தது. ஜிக்கி பெரிய படைப்பு, மறுக்க முடியாது. ஆனால் அதில் கூட்டம் அதிகம். பிரமிப்பு அதன்மேல், பிரியம் 'பூர் அன் ஓம்' மேல் என்பது என் கணக்கு.

காரோனை நிறுவிய எர்னெஸ்ட் டால்ட்ரோஃப்தான் இதைச் செய்தவர். உள்ளே வேறு பல பொருள்கள் இருந்தாலும், நம் மூக்குக்குக் கேட்பது இரண்டே குரல்கள்: லாவெண்டரும் வனிலாவும். ஒன்று குளிர், ஒன்று வெதுவெதுப்பு. ஒன்று கிளம்பத் துடிப்பது, ஒன்று உட்கார்ந்தால் எழாதது. இனிப்பைப் போட்டு லாவெண்டரை மூடியிருக்கலாம், அது எளிது. அவர் மூடவில்லை. முதல் கால் மணி நேரம் லாவெண்டர் தனியாக நின்று பேசுகிறது, கரடுமுரடாகவே. வனிலா வாசலில் காத்திருக்கிறது. பிறகு எப்போது உள்ளே வந்தது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் நான் கண்டுபிடித்ததில்லை. பதினொரு மணிக்கு முகர்ந்தால் லாவெண்டர் இருக்கிறது, ஆனால் அதன் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. மூன்று மணிக்கு மணிக்கட்டில் மிச்சம் வனிலாதான். மூக்கு மட்டும் பூ இன்னும் இருக்கிறது என்று நம்புகிறது.

அலுவலகத்தில் ஒரு நாள் மிகவும் மோசமாகப் போனது. மதியம் மேசைமேல் கையை மடக்கித் தலை சாய்த்தபோது, சட்டைக் கையிலிருந்து அந்த வெதுவெதுப்பு வந்தது. காலையில் யாரோ என்னைக் கவனமாகத் தயார்செய்து அனுப்பியிருந்ததுபோல் இருந்தது. அந்த யாரோ நான்தான் என்பது கொஞ்சம் கழித்தே உறைத்தது. அன்றிலிருந்துதான் காலையில் அந்த ஒரு நிமிடத்தை விடுவதில்லை. வனிலாவுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. லாவெண்டர் அப்படி இல்லை. செருப்பு மாட்டும் அவசரத்தில் அதைத் தவறவிட்டால், திரும்ப அடுத்த காலைதான்.

போன வாரம் சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்த என் சட்டையை, துவைத்ததா துவைக்காததா என்று பார்க்க, வழக்கம்போலக் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். நின்றாள்.

"காலையில தைலமா இருந்துச்சு, இப்ப கேக் மாதிரி வருதே. ரெண்டும் ஒண்ணாடா?"

"ஒண்ணுதாம்மா."

அழுக்குக் கூடையில் போட எடுத்த சட்டையை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, நாற்காலியிலேயே திரும்ப வைத்தாள்.