பாதி வழியில் ஒரு தீர்ப்பு

ஒரு மனிதரைப் பற்றி எப்போது தீர்ப்புச் சொல்லலாம்? பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையில் மாலை வேளையில் நடக்கும்போது எனக்குள் அடிக்கடி எழும் கேள்வி இது. இதை என் மனசில் போட்டுவிட்டுப் போனவர் ஹர்ஷல் படேல் என்ற பந்துவீச்சாளர்.

2021 ஜனவரி 20ஆம் தேதி ஐபிஎல் கிரிக்கெட்டில் டெல்லி கேபிடல்ஸ் அணி அவரைப் பெங்களூரு அணிக்கு மாற்றிக் கொடுத்தது. டெல்லி 2018இல் 20 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த வீரர் அவர். மூன்று சீசன்களில் ஆட வாய்ப்புக் கிடைத்தது கொஞ்சம்தான். பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். பெங்களூருவுக்கு அவர் புதியவரும் இல்லை. 2012 முதல் 2017 வரை இந்த ஊர்ச் சட்டையைத்தான் போட்டிருந்தார். போனவர் திரும்பி வருகிறார், அதுவும் போன இடத்தில் சோபிக்காமல் வருகிறார். வயதும் முப்பது ஆகிவிட்டது. நம்மில் பலர் அந்தச் செய்தியைப் படித்த கையோடு பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

அவருடைய குடும்பம் 2005இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. கிரிக்கெட்டுக்காக அவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். குடும்பம் போய்ச் சேர்ந்த அந்த நாட்டில் பேஸ்பால் அணிகள் சீசன் பாதி ஓடியிருக்கும்போதே, ஜூலை இறுதிவாக்கில், தடுமாறிக்கொண்டிருக்கும் வீச்சாளர்களைக்கூட விலை பேசி மாற்றிக்கொள்ளும். வந்தவர் எறியும் முதல் சில ஆட்டங்களிலேயே அந்த ஊர் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிடும். நம் ஐபிஎல்லில் இந்த மாற்றம் பெரும்பாலும் சீசன் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தீர்ப்பு எழுதும் அவசரம் மட்டும் இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான்.

பெங்களூரு அவரை அழைத்தபோதே ஒரு காரியம் செய்தது. கடைசி ஓவர்களைப் போடுவதுதான் உங்கள் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு அவரே இதைச் சொன்னார். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இந்த வேலையை இன்ன வழியில் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்த பிறகு, வேலையை அவர் கையிலேயே விட்டுவிடச் சொல்கிறார் வள்ளுவர். ஆராய்வது எல்லோராலும் முடியும். விட்டுவிடுவதுதான் கடினம். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கத் துடிக்கும் கை நம் எல்லோருக்கும் உண்டு.

ஏப்ரல் 9, சேப்பாக்கம். மும்பை அணிக்கு எதிராக 27 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார் ஹர்ஷல். கடைசி ஓவரில் அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ரன். பிறகு மட்டையும் பிடித்து, கடைசிப் பந்தில் வெற்றி ரன்னையும் அவரே எடுத்தார். பக்கத்தைப் புரட்டியவர்கள் எல்லாம் அந்த இரவில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டும் அவசரத் தீர்ப்புதான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இனிக்கும் தீர்ப்பை நாம் சந்தேகிப்பதில்லை.

பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவின் இரண்டாம் அலை பெங்களூருவைச் சூழ்ந்திருந்தது. வார இறுதி ஊரடங்கு. கடைகள் அடைத்துக் கிடந்தன, ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை, எல்லோரும் வீட்டுக்குள். மும்பை வான்கடே மைதானத்தில் சென்னையோடு ஆட்டம். ஹர்ஷல் முதல் மூன்று ஓவர்களில் 14 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்திருந்தார். இருபதாவது ஓவரும் அவர் கைக்கு வந்தது. எதிரே ரவீந்திர ஜடேஜா. கணக்கே தொடங்காமல் இருந்தபோது அவர் கொடுத்த கேட்ச் ஒன்று வேறொருவர் ஓவரில் கைநழுவிப் போயிருந்தது.

முதல் பந்து சிக்ஸர். இரண்டாவதும் சிக்ஸர். மூன்றாவது நோ பால், அதுவும் சிக்ஸர். மறுபடி வீசியதும் சிக்ஸர். பிறகு இரண்டு ரன், மீண்டும் சிக்ஸர், கடைசியில் நான்கு. ஓர் ஓவரில் 37 ரன். ஹர்ஷலின் பெரிய ஆயுதம் மெதுவாக வரும் பந்து. கை அதே வேகத்தில் சுழலும், பந்து மட்டும் தாமதித்து, மட்டைக்கு முன்னால் சட்டென்று தாழும். வேகத்தை எதிர்பார்த்துச் சுழற்றியவர் ஏமாந்துபோவார். அந்த மாலை எதிரே நின்றவர் ஏமாறவில்லை.

தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு அது தீபாவளி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஜடேஜா ஆடியது அருமையான ஆட்டம். என்னை வருத்தியது வேறு. மூன்று ஓவரின் வேலை ஆறு நிமிடத்தில் அழிந்துபோனது. டெல்லி ஏன் விட்டுக்கொடுத்தது என்று இப்போது புரிகிறது எனப் பேச ஆரம்பித்தோம். 37 ரன் வாங்கிய அந்த நாளின் முடிவில், ஐந்து ஆட்டங்களில் அவர் கணக்கில் 15 விக்கெட் இருந்தது. கண்ணெதிரே இருந்த அதைக்கூட மனம் பார்க்க மறுத்தது. நாம் மனிதர்களிடம் வீட்டிலும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். பத்து வருடம் ஒழுங்காக இருந்த பிள்ளை ஒரு நாள் பொய் சொன்னால், பத்து வருடத்தையும் அந்தப் பொய்யின் வழியாகவே திரும்பிப் பார்க்கிறோம்.

ஆராயாமல் நம்புவதும், நம்பித் தேர்ந்தவரைப் பிறகு சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் சேர்த்துச் சொல்கிறார். முதல் பாதியை நிர்வாகம் படிப்பவர்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதி ஆன்மிகம் என்று நினைக்கிறேன். ஒருவர் சறுக்கும் நேரத்தில் நம் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியும்: முதலில் பயம், அந்தப் பயத்துக்குப் பிறகே கோபம். நம்பியது வீணாகிவிடுமோ என்ற பயத்தைச் சுமக்க முடியாமல்தான் எதிரில் இருப்பவர் மேல் தீர்ப்பை இறக்கி வைக்கிறோம். அந்தப் பாரத்தைக் கொஞ்ச நேரம் கீழே போடாமல் நிற்கப் பழகுவதைப் பெரியவர்கள் பொறுமை என்றார்கள். பூஜையறையில் அரை மணி நேரம் கண்மூடி உட்கார்வதைவிட இது கடினம்.

இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 27, அகமதாபாத். எதிரணி டெல்லி, அவரை விட்டுக்கொடுத்த அதே அணி. அணித் தலைவர் விராட் கோலி பந்தை மறுபடியும் ஹர்ஷலிடம் கொடுத்தார். வேலை மாறவில்லை. பிரித்வி ஷாவும் ஸ்டாய்னிஸும் அவர் பந்தில் ஆட்டமிழந்தார்கள். பெங்களூரு ஒரே ரன்னில் வென்றது. அவர் ஒன்றும் அற்புதம் செய்துவிடவில்லை, ரன்னும் போகத்தான் செய்தது. ஆனால் 37 ரன் வாங்கிய கையில் இரண்டே நாளில் மீண்டும் பந்து இருந்தது. அந்த ஆண்டின் எல்லா வெற்றிகளிலும் என் மனசில் தங்கியது இதுதான்.

மே 4ஆம் தேதி கொரோனாவால் தொடரே நின்றுபோனது. ஏழு ஆட்டங்கள், 17 விக்கெட். கடைசியாக ஆடிய பஞ்சாப் ஆட்டத்தில் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு பெங்களூருவில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஊரில் சுடுகாட்டு வரிசைகளைப் பற்றிய செய்தி வந்துகொண்டிருந்த நாட்களில் யார் நல்ல வீச்சாளர், யார் இல்லை என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போனது. செப்டம்பரில் அமீரகத்தில் தொடர் மீண்டும் தொடங்கியது. 26ஆம் தேதி துபாயில் மும்பைக்கு எதிராக ஹர்திக் பாண்டியா, பொல்லார்ட், ராகுல் சஹர் என்று அடுத்தடுத்த பந்துகளில் மூன்று பேரை வீழ்த்தினார். சீசன் முடிவில் 32 விக்கெட். 2013இல் டுவைன் பிராவோ எடுத்த அதே எண்ணிக்கை. அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பியும் இந்திய அணியில் இடமும் தேடி வந்தன.

அதற்குப் பிறகும் கதை நேர்கோட்டில் போகவில்லை. பெங்களூரு அவரைத் தக்கவைக்காமல் விட்டது. 2022 பிப்ரவரியில் இதே ஊரில் நடந்த ஏலத்தில் 10.75 கோடி கொடுத்து மீண்டும் எடுத்தது. அந்த ஏப்ரலில், தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய சகோதரி இறந்துபோனார். வீட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், பந்து வீசினார். நாம் ஒரு வீரரைப் பார்ப்பது 24 பந்துகள்தான். அதை வைத்து முழு மனிதரையும் எடைபோட நமக்கு எப்படித் துணிச்சல் வருகிறது என்று இப்போது யோசிக்கிறேன். 2023க்குப் பின் பெங்களூரு மறுபடியும் அவரை விடுவித்தது. பஞ்சாபுக்குப் போய் 2024இல் இரண்டாவது முறை ஊதாத் தொப்பி வாங்கினார்.

நான் நடக்கும் ஏரிக்கரையில் இருக்கும் வள்ளுவர் சிலையும் காத்திருந்ததுதான்: 18 ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.

2021இன் அந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டால் என் கருத்து இதுதான்: அது நல்ல முடிவு. ஹர்ஷல் அந்த சீசனில் 12 விக்கெட்டோடு நின்றிருந்தாலும் இதையே சொல்வேன். இன்ன வேலைக்கு என்று தெரிந்து அழைத்தார்கள், அதை அவரிடமே சொன்னார்கள், அவர் அடிவாங்கிய பிறகும் அந்த வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை.