பொறியும் பொறுப்பும்

கடைச் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு உறங்கும் வணிகர் நம்மில் எவருமிலர். கணினியின் மறைசொல்லோ கடையில் பலர் வாயில் உலவுகிறது.

தாசேக் கெலுகோரிலும் இன்று டூயிட்நவ் கியூஆர் மூலம் பணம் பெறுகிறோம். சில்லறைத் தொல்லை தீர்ந்தது. இரவில் பணப்பையோடு வீடு திரும்பும் அச்சமும் குறைந்தது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆயினும், வணிகச் சகோதரர்களே, 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். திருடர் அதன் கணினிக்குள் புகுந்து, நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த பணத்தை அனுப்புமாறு அதன் பெயராலேயே கட்டளை விடுத்தனர். 81 மில்லியன் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியனோ தப்பியது. பெறுவோர் பெயரில் எழுத்துப்பிழை கண்டு வங்கியார் ஐயுற்று விசாரித்ததே காரணம். பொறி ஏற்றுக்கொண்டதை மனிதக் கண் தடுத்தது.

ஆகவே பொறியைப் பயன்படுத்துவோம். பொறுப்பை அதன் தலையில் கட்டலாகாது. வாடிக்கையாளரின் பற்றுவரவும் தொலைபேசி எண்ணும் நம்மிடமுள்ள அமானிதம். மறைசொல்லைக் காப்போம், கணக்குக்குத் தனிப்படி வைப்போம், பிறர் காட்டும் ரசீதோடு நில்லாமல், பணம் நம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று பார்ப்போம். அமானிதம் தந்தவர் நாளை கணினியிடம் கேட்கமாட்டார், நம்மிடமே கேட்பார்.