துன்பத்துக்கு உரை எழுதுகிறவர்கள்

ஊனமுற்றோர் முற்பிறவியில் செய்ததையே இப்போது அனுபவிக்கிறார்கள் என்ற பொருள்பட ஒரு நாளிதழிடம் பேசியதால், 1999-இல் இங்கிலாந்து கால்பந்து அணியின் பயிற்சியாளர் க்ளென் ஹாடில் பதவியை இழந்தார். 2015-இல் பிரதமர் மோடி தம் வானொலி உரையில் அவர்களைத் 'திவ்யாங்', அதாவது தெய்வீக உறுப்புடையோர், என்று அழைக்கலாம் என்றார். அச்சொல் அரசுத் துறையின் பெயரிலேயே ஏறிவிட்டது. முன்னது வசை, பின்னது வாழ்த்து. ஆனால் இரண்டிலும் ஒருவரின் உடலை மூலமாக வைத்து இன்னொருவர் உரை எழுதுகிறார். மாற்றுத்திறன் விளையாட்டு வீரர்களின் மன உளைச்சல் நம் கண்ணில் படாமல் போவதற்கு இந்த உரைகள் ஒரு பெரிய காரணம் என்பேன்.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பார்வையின்றிப் பிறந்த ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவரும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுப்பது பெரிய விடுதலை. ஆனால் கடவுளின் செயல் அவரிடம் வெளிப்படவே இப்படி என்று பதில் நீள்கிறது. பாவம் போயிற்று, காட்சியாக நிற்கும் கடமை வந்து சேர்ந்தது. (பார்வை பெற்ற பிறகும் அந்த மனிதருக்கு நிம்மதி இல்லை, கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி மாளவில்லை.) பாராலிம்பிக் வீரரை நாம் நிறுத்தியிருக்கும் இடமும் அதுதான். அவர் நமக்கு ஊக்கம் தருபவர். அவரே சோர்ந்துபோனால் நன்றிகெட்டதனமாகத் தெரிகிறது. இத்தனைக்கும் அவருக்கு மட்டுமே உரிய நெருக்கடிகள் உண்டு. டோக்கியோவில் 2021-இல் வட்டெறிதலில் வெண்கலம் வென்ற வினோத் குமார், அவரது குறைபாடு அவர் போட்டியிட்ட பிரிவுக்குப் பொருந்தாது என்ற தீர்ப்பால் மறுநாளே பதக்கத்தை இழந்தார். தன் உடலின் குறையை நிரூபித்துவிட்டு, அதே உடலின் வலிமையையும் காட்டியாக வேண்டும் என்ற நிலை மற்ற வீரர்களுக்கு இல்லை. இவர்களின் மனநலம் பற்றி 2019-இல் லெஸ்லி ஸ்வார்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, கைவசமுள்ள ஆய்வுகளே சொற்பம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வினைக் கொள்கையைத் தண்டனையாகச் சுருக்குவது நியாயமா என்று கேட்கலாம். சைவ சித்தாந்தத்தில் உடல், உயிர் கடைத்தேற இறைவன் தந்த கருவி. வினை கழிவதும் அருளால்தான். ஒப்புக்கொள்கிறேன். தன் வலியை ஒருவர் தாமே அப்படி வாசித்து ஆறுதல் கொண்டால் அதில் குறுக்கிட எனக்கு உரிமையில்லை. ஆனால் 'என் வினை' என்பதற்கும் 'உன் வினை' என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னது வழிபாடாகலாம், பின்னது தீர்ப்பு. பொருளே இல்லாத துன்பத்தை எவரால் தாங்க முடியும் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. ஆனால் பொருள் சொல்ல முந்துகிறவர் பெரும்பாலும் காரணம் தேடுவதை விட்டுவிடுகிறார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில், அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானே என்று கேட்ட சீவகன் என்னும் நாடோடித் துறவிக்குப் புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறர் தாக்குதல், வினைப்பயன். வினை கடைசியில்தான் வருகிறது. தோள்வலியும் தூக்கமின்மையுமாக வந்து நிற்கும் சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனையிடம், பயிற்சி எத்தனை மணி நேரம், ஓய்வு உண்டா, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று கேட்பதற்கு அந்தப் பட்டியலிலேயே இடமிருக்கிறது.