முதலிடம் ஒன்றே

அமெரிக்க நாட்டில் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டில் இருந்த எம் தங்கையின் பேத்தி, பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்து ஓர் ஐயம் கேட்டாள். நேர்முகத் தேர்வுகள் யாவும் முடிந்துவிட்டன. "உங்கள் மருத்துவமனையையே முதலிடத்தில் குறிக்கப் போகிறேன்" என்று ஒரு பயிற்சித் திட்டத்தின் இயக்குநருக்கு எழுதியிருந்தாள். "அதையே இன்னோர் இடத்திற்கும் எழுதலாமா, பாட்டி? தோழிகள் மூன்று நான்கு இடங்களுக்கு எழுதுகிறார்கள். படிக்கிறவர் யாரும் நம்புவதில்லையாம். அதனால் அது பொய்யாகாதாம்."

யாம் உடனே விடை கூறவில்லை. முதலில் அந்நாட்டு முறையைக் கேட்டறிந்தோம்.

அங்கே பட்டம் பெறும் மருத்துவர், ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியைப் பெற்றே தனித்துத் தொழில் செய்ய இயலும். நேர்முகத் தேர்வுகளுக்குப் பின் மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருகிறார்; பயிற்சித் திட்டங்களும் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. இரண்டையும் கணிப்பொறி பொருத்துகிறது. மார்ச் மூன்றாம் வெள்ளியன்று இன்னார்க்கு இன்ன இடம் என்று தெரியும். அம்முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இதன் பழைய வரலாறு எம்மை மிகவும் கவர்ந்தது. 1940களில் மருத்துவமனைகள் போட்டியிட்டுக்கொண்டு, பட்டம் பெற ஈராண்டு இருக்கும்போதே மாணவரைப் பிடித்துப் போட்டன. பின்னர்த் தந்தியில் அழைப்பு அனுப்பி, சில மணி நேரத்திற்குள் விடை கேட்டன. இதைச் சீர்செய்ய 1951இல் ஒரு பொருத்தும் முறை வகுக்கப்பட்டது. அதில் ஒரு குறை இருந்தது. எளிதில் கிடைக்காத இடத்தை ஒருவன் உள்ளபடியே முதலில் எழுதினால், இரண்டாவது இடமும் அவன் கையை விட்டுப் போகக்கூடும். உண்மை எழுதியவனுக்குத் தண்டனை! மாணவர்களே திரண்டு எதிர்த்து அம்முறையை மாற்றச் செய்தனர். 1952இல் முதல் பொருத்தம் நடைபெற்றது. 1998 முதல் மாணவர் விருப்பத்திலிருந்தே கணக்குத் தொடங்குமாறு மேலும் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தைச் செய்தவர்களுள் ஒருவரான ஆல்வின் ராத், 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசை லாயிட் ஷேப்லியுடன் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே மாணவர் தம் பட்டியலில் மனத்தில் உள்ளதை உள்ளவாறே எழுதலாம், அதனால் இழப்பில்லை. இதற்காகவே அன்றைய இளைஞர்கள் போராடினர். பட்டியலை விட்டு வெளியேறிய பொய் இன்று கடிதத்திற்குள் குடியேறிவிட்டதே என்பதுதான் எம் வருத்தம்.

"யாரும் நம்புவதில்லை" என்ற வாதத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவருமே நம்பார் என்றால் அக்கடிதத்தை எழுதுவானேன்? படிக்கும் இயக்குநர் ஒருவராவது நம்பிவிடுவார் என்ற ஆசையினால்தானே எழுதுகிறோம்? நம்பாதவரை ஏமாற்றவில்லை என்று சொல்லிக்கொண்டே, நம்பப் போகும் ஒருவரைத் தேடுகிறோம். இதில் இன்னொருவருக்கும் கேடுண்டு. ஒரே இடத்திற்கு உண்மையாக எழுதிய மாணவியின் கடிதம், நான்கு இடங்களுக்கு எழுதியவனின் கடிதத்தோடு ஒரே கட்டில் கிடக்கிறது. அவள் சொல்லுக்குரிய மதிப்பை அவன் செலவழித்துவிட்டான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியவும் தெரியாது.

பெரியவர்கள் மட்டும் சளைத்தவர்களா? "உம்மை மிக உயர்வாக வைத்திருக்கிறோம்" என்று பலருக்கும் எழுதும் இயக்குநர்கள் உண்டு. அதை நம்பிப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளை, மார்ச்சில் இடமே இன்றி நிற்கலாம். இதனை யாம் கடுமையாகவே சொல்வோம்: மாணவன் அச்சத்தினால் மிகைபடச் சொல்கிறான், இயக்குநருக்கு அந்த அச்சமும் இல்லை. பொருத்தத்தை நடத்தும் அமைப்பின் விதிப்படி, தானாக விருப்பம் தெரிவிப்பது குற்றமன்று, ஆனால் "எங்களை எத்தனையாவது இடத்தில் வைத்தாய்?" என்று திட்டத்தார் கேட்கலாகாது. எவர் எதைச் சொன்னாலும் இறுதிப் பட்டியலே செல்லும்.  பொய்க்கு விதி வலிமை தரவில்லை.

நன்றி தெரிவிப்பது வேறு. ஒரு நாள் முழுதும் நேரம் ஒதுக்கிப் பேசியவர்க்கு நான்கு வரி எழுதுவது நற்பண்பு. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் கடிதப் பாடம் நடத்தியபோது, பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்பக்கூடிய நன்றிக் கடிதத்திற்கு மதிப்பெண் அளித்ததில்லை. அன்று பேசிய பொருளில் ஒன்றேனும் அதில் இருத்தல் வேண்டும். தேர்வுக்குப் பின் கடிதமே வேண்டா என்று அறிவித்த இடங்களும் பல உள. அங்கே வாளாவிருப்பதே மரியாதை.

இவற்றையெல்லாம் பேத்தியிடம் சொன்னோம். "மற்றவர்கள் எழுதும்போது நான் மட்டும் எழுதாவிட்டால் எனக்குத்தானே நட்டம்?" என்றாள். நட்டம் வரலாம் என்றே ஒப்புக்கொண்டோம். வராது என்று உறுதி கூற எம்மால் இயலவில்லை.

அவள் இரண்டாம் இடத்திற்கு நன்றி மட்டும் எழுதினாள். முதலிடம் என்று எழுதிய ஊரையே பட்டியலில் முதலில் வைத்தாள். மார்ச்சில் அவளுக்கு அமைந்தது, யாருக்கும் எதுவும் எழுதாத மூன்றாம் ஊர். ஜூலையில் பணியில் சேர்ந்தாள். முதல் வாரமே இரவுப் பணி என்று தொலைபேசியில் சலித்துக்கொண்டாள்.