ஒரு நாள் பார்த்துக்கலாம்

உங்கள் வீட்டு ஷோகேஸிலோ பரணிலோ டி.வி.டி. பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், இன்று ராத்திரி எடுத்துத் தூசி தட்டுங்கள். தட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'உன்னைக் கடைசியாக எப்போது பார்த்தேன்?'

என் பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது.

விருதுநகரில் எங்கள் வீட்டு ஷோகேஸின் மேல்தட்டு முழுக்க சீரியல்கள்தான். பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரதம்', ராமானந்த் சாகரின் 'ராமாயணம்', சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்'... 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று இறக்கியபோது பிடித்த பைத்தியம். சினிமாவில் ஆரம்பித்து சீரியலில் வந்து நின்றேன். தமிழ் மெகா சீரியலையும் சேர்க்க ஆசைதான். பி.காம். புத்தி கணக்குப் போட்டது. 'கோலங்கள்' 1,500 எபிசோடுக்கு மேல். டிஸ்க்குக்கு எட்டு என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 190 டிஸ்க்! ஷோகேஸ் பத்தாது, தனியாக குடோன்தான் பிடிக்கணும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடம் வேலை பார்த்தவர். 1988-ல் தூர்தர்ஷனில் 'மகாபாரதம்' ஆரம்பித்தபோது அவர் வீட்டில் டி.வி. கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில் எக்கி நின்று பார்ப்பாராம். "பாதி நாள் எனக்கு முன்னால நிக்கிறவ கொண்டைதான்யா தெரியும்" என்பார்.

பின்னாளில் அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி. வந்தது. திருப்பூரிலிருந்து மகன் ஒரு டி.வி.டி. பிளேயரும் வாங்கி வந்தான். ஒரு நாள் எங்கள் ஷோகேஸ் முன்னால் வந்து நின்றார்.

"ஏய்யா, அந்த பாரதத்தை ஒரு வாரத்துக்குக் குடேன். பத்திரமாத் திருப்பித் தந்துருதேன்."

"இந்தியில இருக்கே பெரியம்மா?"

"பாஷை எதுக்கு? கதைதான் தெரியும்ல!"

நான் கொடுக்கவில்லை. கோடு விழுந்துவிடும், ஒரு டிஸ்க் தொலைந்தாலும் செட் உடைந்துவிடும் என்று பயம். "ஒரு நாள் நம்ம வீட்டுலயே போட்டுக் காட்டுறேன், வாங்க" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த 'ஒரு நாள்' வரவே இல்லை. 2017-ல் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'மகாபாரதத்தை' மறுபடி ஒளிபரப்பியது. விளம்பரம் உட்பட உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஷோகேஸில் அதே சீரியல், பாதி டிஸ்க்குகளுக்கு உறைகூடப் பிரிக்காமல்!

அப்படியானால் சேர்த்து வைப்பதே தப்பா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். லண்டன் பி.பி.சி. 1960, 70-களில் பழைய டேப்புகளை அழித்துத் தள்ளியது. 'டாக்டர் ஹூ' தொடரில் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால், அவற்றின் ஒலி மட்டும் பிழைத்திருக்கிறது. எப்படி? வீட்டில் டி.வி. பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சில ரசிகர்களின் புண்ணியம். அமெரிக்காவில் மரியான் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979-லிருந்து 2012-ல் இறக்கும்வரை டி.வி. செய்திகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட்டுகள்! ஊரே கேலி பேசியிருக்கும். இன்று அது ஒரு சரித்திரக் களஞ்சியம்.

ஆக, சேர்ப்பவர்கள் வேண்டும். ஓ.டி.டி.யில் இன்று இருப்பது நாளை காணாமல் போகிற காலத்தில் இன்னும் அதிகமாகவே வேண்டும். எனக்கும் அந்த ரசிகர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர்கள் சேர்த்தது கடைசியில் அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சேர்த்தது என் ஷோகேஸுக்கு. அவர்கள் செய்தது பாதுகாப்பது. நான் செய்தது பூட்டி வைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியேதான் இருக்கும்!

எங்கள் பக்கம் யாரும் பட்டாசை ஷோகேஸில் வைப்பதில்லை. அடுத்த தீபாவளிக்கு என்று எடுத்து வைத்தால் நமுத்துப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்தவர்களின் உழைப்பு தெரிவதே அதைக் கொளுத்துகிற அந்த நொடியில்தான். டிஸ்க்கும் நமுக்கும் சார். உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு காற்றுப் பட்டால் கெடும். விற்ற மோசர் பேர் கம்பெனியையே 2018-ல் கலைக்க உத்தரவாகிவிட்டது.

இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் நியாயமானதுதான். பெரியம்மா ஒரு டிஸ்க்கைத் தொலைத்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? சில நூறு ரூபாய். கொடுக்காததால் வந்த நஷ்டத்தை எந்த ஐந்தொகையில், எந்தப் பக்கம் எழுதுவது? பி.காமில் அதைச் சொல்லித் தரவில்லை.

போன மாதம் மனசு கேட்காமல் 'மகாபாரதம்' பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த பேத்தியிடம் கொடுத்தேன். ஒரு டிஸ்க்கை எடுத்து, முகம் பார்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு சித்தப்பா. இதை எதுல போடுறது?"

உங்கள் ஷோகேஸையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். யாரிடமாவது 'ஒரு நாள்' என்று சொல்லியிருந்தால், அவர் இன்னும் பக்கத்து வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பாருங்கள்.