கதவைத் தட்டுகிறவன்

உங்களுக்கு ஒரு சோதனை. மலைக்காட்டில் தனியாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று பனிப்புயல். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் மரத்துப்போய் விட்டன. அந்த நேரத்தில் ஒரு மரவீடு தட்டுப்படுகிறது. உள்ளே ஆளில்லை. குளிர்காலம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ பூட்டி, ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலை உடைப்பீர்களா, மாட்டீர்களா?

'இதெல்லாம் ஒரு கேள்வியா ஸார், உடைக்க வேண்டியதுதான்' என்கிறீர்கள். சரி, உள்ளே போயாச்சு. மூன்று நாளாகியும் புயல் விடவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் தின்று தீர்க்கிறீர்கள். குளிர் தாங்காமல் ஒரு நாற்காலியை உடைத்துக் கணப்பில் போடுகிறீர்கள். அப்புறம் மேஜை. புயல் ஓய்ந்ததும் உயிரோடு வெளியே வருகிறீர்கள். இப்போது இரண்டாவது கேள்வி. முகம் தெரியாத அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் ஏதாவது தர வேண்டுமா?

இந்தக் கதையைச் சொன்னவர் ஜோயல் ஃபைன்பெர்க் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். 1978-ல் கருணைக் கொலை பற்றி எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் சொன்ன உதாரணம் இது. அவர் சொன்ன பதில், நீங்கள் உடைத்தது நியாயம்தான், ஆனாலும் வீட்டுக்காரருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். முதலில் கேட்கும்போது கொஞ்சம் இடிக்கும். தப்பே செய்யவில்லை என்றால் எதற்குப் பணம்? யோசித்துப் பாருங்கள். அபராதம் வேறு, கடன் வேறு. உங்கள் உயிர் அந்த நாற்காலியைவிடப் பெரிது, சந்தேகமில்லை. அதற்காக நாற்காலி உங்களுடையதாகி விடாது.

தத்துவக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்னாலேயே கோர்ட்டுகள் இந்த வழக்கைப் பார்த்துவிட்டன. 1905 நவம்பர், மினசோட்டா மாநிலம் டுலூத் துறைமுகம். சுப்பீரியர் ஏரியில் கடும் புயல். ரெய்னால்ட்ஸ் என்ற கப்பல் சரக்கை இறக்கி முடித்துவிட்டது. நியாயமாக அது துறையைக் காலி செய்ய வேண்டும். கிளம்பினால் மூழ்கும். இழுத்துப் போக எந்த இழுவைப் படகும் வரத் தயாராக இல்லை. மாலுமிகள் கட்டின கயிறு தேயத் தேயப் புதுக் கயிறு மாற்றி, அங்கேயே நின்றார்கள். கப்பல் பிழைத்தது. இரவெல்லாம் மோதியதில் துறைமேடை உடைந்தது. 1910-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, நின்றதில் தவறில்லை, ஆனால் மேடைக்கு 500 டாலர் எடுத்து வை.

இன்னொரு வழக்கு வெர்மான்ட் மாநிலத்தில். 1904-ல் சாம்ப்ளேன் ஏரியில் ஒரு குடும்பம் பாய்மரப் படகில் போகிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். புயல் பிடித்துக்கொள்கிறது. ஒரு தனியார் தீவின் துறையில் படகைக் கட்டுகிறார்கள். தீவுக்காரரின் வேலையாள் வந்து கயிற்றை அவிழ்த்துவிடுகிறான். படகு கரையில் மோதி உடைய, எல்லோருக்கும் அடி. ஆபத்தில் பிறர் இடத்தில் கட்ட உரிமை உண்டு, அவிழ்த்தவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றது 1908-ல் வந்த தீர்ப்பு.

ஆக, உடைக்கலாம், அப்புறம் காசு கொடுக்க வேண்டும், தஞ்சம் புகுந்தவனை வெளியே தள்ளக்கூடாது. இதுவரைக்கும் பிரச்னை இல்லை. ஏனென்றால் ஃபைன்பெர்க்கின் வீடு காலி வீடு. உள்ளே ஆள் இருந்தால்?

2022 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைப் பனிப்புயல் தாக்கியது. பக்கத்திலேயே ஈரி ஏரி, இன்னும் உறையவில்லை. அதன்மேல் உறைகுளிர்க் காற்று வீசும்போது ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். அந்த முறை ஒரு மீட்டருக்கும் மேல் கொட்டியது. எதிரே எதுவும் தெரியாத அந்த வெள்ளை இருட்டு 37 மணி நேரம் தொடர்ந்தது. காற்றோடு சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. உங்கள் வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18தான். அந்தக் குளிரில் மூடாத தோல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உறைய ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளே பனியில் சிக்கி நின்றன. காரிலும், தெருவிலும், கரண்ட் போன வீட்டுக்குள்ளுமாக 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மெக்கானிக், சிக்கிக்கொண்ட நண்பருக்கு உதவக் கிளம்பினார். வழியில் தவித்த ஓர் இளைஞரையும் ஒரு வயதான பெண்மணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கடைசியில் அவர் வண்டியே சிக்கிக்கொண்டது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். 'தரையில் படுத்துக்கொள்கிறோம், 500 டாலர் தருகிறேன்' என்றாராம். ஒருவரும் சேர்க்கவில்லை. (டுலூத் துறைமேடைக்கும் அதே 500 டாலர்தான். அன்றைக்கு ஒரு துறையையே சரிக்கட்டிய தொகை, இன்றைக்கு ஒரு பாய் விரிக்கிற இடத்தை வாங்கவில்லை.) இரவு முழுக்க வண்டிக்குள். காலையில் எரிபொருள் தீரப்போகிறது. போனில் வரைபடம் பார்த்தால் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஜன்னலை உடைத்து உள்ளே போனார். போனதோடு நிற்காமல், திரும்பி வந்து மற்ற கார்களில் விறைத்துக்கொண்டிருந்தவர்களையும் அழைத்துப் போனார். மொத்தம் 24 பேர். பள்ளிச் சமையலறையில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது, ஜன்னலை உடைத்ததற்கு மன்னிக்கவும், உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் அவரைத் தேடியது, நன்றி சொல்ல.

ஜன்னல் கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு உறுத்துவது திறக்காத அந்தக் கதவுகள்.

அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். வெளியே இருட்டு. முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை. உள்ளே ஒருவேளை வயசான அம்மா, கைக்குழந்தை. 500 டாலர் தருகிறேன் என்றால் சந்தேகம் கூடத்தான் செய்யும். சட்டமும் அவர்களை ஒன்றும் கேட்காது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டால்தான் குற்றம், கயிறு கட்டவே விடாமல் சும்மா இருந்தால் குற்றமில்லை. அந்தப் படகு வழக்கு நடந்த வெர்மான்ட் 1967-ல் ஒரு சட்டம் போட்டது. தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும், உயிருக்குத் தவிக்கிறவனுக்கு உதவாமல் போனால் அபராதம், அதிகபட்சம் 100 டாலர்.

சாதாரண நாளில் இந்த வித்தியாசம் எனக்குப் புரிகிறது. நீங்கள் திறக்காவிட்டால் அடுத்த வீடு, லாட்ஜ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி. அந்த 37 மணி நேரத்தில் இது எதுவுமே இல்லை. அப்போது திறக்காமல் இருப்பதும் கயிற்றை அவிழ்ப்பதும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வந்துவிடுகின்றன. பயம் நிஜம்தான். ஆனால் பயப்படுகிறவருக்கு முன்னால் இரண்டே வழி இருப்பதில்லை. கராஜில் உட்காரச் சொல்லலாம், இடையில் உள்ள கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. இரண்டு கம்பளி, ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் வைத்துவிடலாம். இதைக்கூடச் செய்யாததற்குப் பயம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு வாதம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்: 'புயல் வருதுன்னு நாலு நாளா சொன்னாங்களே, எதுக்கு வெளியே வந்தே?'

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. எச்சரிக்கை வந்தது உண்மை. தலைமுறைக்கு ஒருமுறை வருகிற புயல் என்று வானிலை மையம் பல நாள் முன்பே சொன்னது. ஆனால் வண்டி ஓட்டக்கூடாது என்ற மாவட்டத் தடை நடைமுறைக்கு வந்தது அன்று காலை 9.30 மணிக்கு. அதற்குள் எத்தனையோ பேர் வேலைக்குப் போயாச்சு. மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் வரவில்லை என்றால், அந்த நாள் சம்பளம் போச்சு. எச்சரிக்கை எல்லோர் காதிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. அதைக் கேட்டு வீட்டில் இருக்கிற வசதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அதோடு, உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். விறைத்துச் சாகிற நிலையில் சிலர் சட்டையைக் கழற்றி எறிவார்களாம், புழுங்குகிறது என்று. அப்படிப்பட்டவனிடம் போய் விவேகத்தை எதிர்பார்க்க முடியுமா?

சரி, வந்தவன் நிஜமாகவே அசடு என்றே வைத்துக்கொள்வோம். பொழுது போகாமல் புயலை வேடிக்கை பார்க்கக் கிளம்பியவன். அசட்டுத்தனத்துக்கு நான்கு வசவு கொடுக்கலாம். திறந்து உள்ளே விட்டபிறகு.

அதே வெள்ளிக்கிழமை, பஃபலோவின் இன்னொரு புறநகரில், கொரியச் சுற்றுலாப் பயணிகள் ஒன்பது பேரோடு வந்த வேன் ஒரு வீட்டு வாசலில் பனியில் புதைந்துவிட்டது. அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் எச்சரிக்கையைக் கேட்டு ஃப்ரிட்ஜை நிரப்பி வைத்திருந்தார்கள். கொரியச் சமையலில் ஆசை உள்ளவர்கள் என்பதால் கொரிய மிளகாய் விழுதுகூட இருந்தது. டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சோபாவிலும் தரையிலும் படுக்கை. வந்தவர்கள் இரண்டு நாள் சமைத்துப் போட்டார்கள்.

அவர்கள் இடம் கேட்டு வரவில்லை. இரண்டு பேர் இறங்கி வந்து கதவைத் தட்டியது, பனியை வெட்டி எடுக்க மண்வெட்டி இரவல் கேட்கத்தான்.