காப்பாற்ற வந்தவர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கிற கூட்டத்தில் லிபியா என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். 'எல்லாம் பெட்ரோலுக்காக சார்' என்று யாராவது ஒருவர் முடித்துவிடுவார். அதற்கு மேல் பேச்சே இருக்காது.

பி.காம். படித்த புத்திக்கு இந்தக் கணக்கு முழுசாக ஒத்துவரவில்லை. கடாஃபி 2003-லேயே அணுகுண்டுத் திட்டத்தை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். 2004-ல் டோனி பிளேர் அவருடைய கூடாரத்துக்கே போய்க் கைகுலுக்கினார். இத்தாலிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அங்கே எண்ணெய் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்கே வந்து ஊற்றுகிற பால்காரனை எவனாவது அடித்துத் துரத்துவானா? எண்ணெய் ஒரு காரணம், சந்தேகமில்லை. அது மட்டும்தான் என்றால் கடாஃபியை வைத்துக்கொள்வதுதான் மலிவு. பிரான்ஸுக்கு வேறொரு அவமானமும் இருந்தது. 2011 ஜனவரியில், துனிசியாவில் ஜனம் தெருவில் செத்துக்கொண்டிருந்தபோது, சர்வாதிகாரி பென் அலியின் போலீசுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்லித் தருகிறோம் என்று பேசியவர் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர். அடுத்த மாதமே பதவி போனது. அந்தக் கறையைக் கழுவ சார்க்கோசிக்கு ஒரு லிபியா தேவைப்பட்டது.

சரி, நோக்கம் அழுக்குதான். அதனால் என்ன?

கொஞ்சம் பெங்காசிக்குப் போய் நில்லுங்கள். 2011 மார்ச் 17. வீடு வீடாக வருவோம், இரக்கம் காட்ட மாட்டோம் என்று கடாஃபி ரேடியோவில் பேசுகிறார். 19-ஆம் தேதி அவருடைய டாங்கிகள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டன. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய ஒரு பெண், வானத்தில் வருகிற பிரெஞ்சு விமானத்தைப் பார்த்து, 'உன் உள்நோக்கம் என்னப்பா?' என்றா கேட்பாள்? கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறுதான் கண்ணுக்குத் தெரியும், அதைப் போட்டவன் மனசு தெரியாது. முதல் நாள் இந்தக் கேள்வியைக் கேட்கிற வசதி, தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நமக்கு மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி இரண்டாம் நாள் வருகிறது. இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள லிபியா வரை போக வேண்டாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தால் போதும்.

1789 டிசம்பர். திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லைக் காவல் அரண் மேல் பாய்ந்தார். திருவிதாங்கூர் ராஜா கம்பெனியின் நண்பர். நண்பனைக் காப்பாற்றுகிறோம் என்று காரன்வாலிஸ் யுத்தத்துக்குக் கிளம்பினார். தனியாக இல்லை, நிஜாமையும் மராட்டியரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டணி. (கூட்டணிப் படை என்பதை யாரோ நேற்று கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன்.) திப்பு ஒன்றும் மகான் இல்லை. குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்ததைக் கேட்டால் இன்றைக்கும் அங்கே கசப்பான பதில்தான் வரும். ஆக, காரணம் பொய்யில்லை.

1791 நவம்பரில் கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக்கு வந்தது. கீழே பேட்டையைப் பிடித்தார்கள். மேல்கோட்டை ஏற முடியாமல் அடி வாங்கித் திரும்பினார்கள். சண்டையில் கிடைக்காதது 1792 மார்ச்சில் ஒரு கையெழுத்தில் கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்புவின் ராஜ்யத்தில் பாதி போயிற்று, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம், பணம் வரும்வரை இரண்டு பிள்ளைகள் பணயம். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால், திண்டுக்கல், மலபார் எல்லாம் கம்பெனிக்கு. மிச்சத்தை நிஜாமும் மராட்டியரும் எடுத்துக்கொண்டார்கள். யாரைக் காப்பாற்றப் போனார்களோ அந்தத் திருவிதாங்கூருக்கு? ஒரு காணி நிலம் இல்லை. 1795-ல் அவர்களையும் ஓர் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, பாதுகாப்புக்கு வருஷாவருஷம் பணம் கட்ட வைத்தார்கள்.

பாராமகாலுக்கு நிர்வாகியாக வந்தவர் அலெக்சாண்டர் ரீட். யுத்தத்தில் உளவு வேலை பார்த்த ராணுவ அதிகாரி. உதவிக்குத் தாமஸ் மன்றோ. வந்ததும் வயல் வயலாக அளந்தார்கள், வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது பிறந்த வீடு இந்த வட்டாரம்தான். ஓசூர் மட்டும் அப்போது திப்புவிடமே இருந்தது. 1799-ல் அவரைக் கொன்ற பிறகு அதுவும் கைக்கு வந்தது. மைசூரை அதன் பழைய ராஜ வம்சத்துக்கே திருப்பித் தந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். ராஜாவுக்கு வயசு ஐந்து. வருஷக் கப்பம் ஏழு லட்சம் வராகன்.

நோக்கத்தை நுழைகிற வாசலில் தேடாதீர்கள், அங்கே எல்லோரும் பூச்செண்டோடுதான் நிற்பார்கள். வேலை முடிந்த பிறகு எப்போது கிளம்புகிறார்கள், பில் யார் பெயருக்கு வருகிறது, அதைப் பாருங்கள்.

பெங்காசியின் அபாயம் சில நாளில் விலகியது. விமானங்கள் கிளம்பவில்லை. ஐ.நா. தீர்மானம் 1973 சொன்னது மக்களைக் காப்பாற்ற. ஏப்ரலிலேயே ஒபாமா, சார்க்கோசி, கேமரூன் மூவரும் சேர்ந்து, கடாஃபி இருக்கிற லிபியாவுக்கு எதிர்காலம் இல்லை என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அக்டோபர் 20 அன்று கடாஃபி கொல்லப்பட்டார். 31-ஆம் தேதி நேட்டோ கடையைக் கட்டியது. கம்பெனி போகாமல் கெடுத்தது, இவர்கள் போட்டது போட்டபடி போய்க் கெடுத்தார்கள். அடுத்த நாளுக்குத் திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் மோசமான தவறு என்று ஒபாமாவே 2016-ல் ஒப்புக்கொண்டார். அதற்குள் அங்கே இரண்டு அரசாங்கம், எண்ணற்ற துப்பாக்கிக் கும்பல்.

அதே 2011 மார்ச் 14-ல் பஹ்ரைனில் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களை அடக்க சவூதிப் படை போனபோது, ஒரு விமானமும் எழும்பவில்லை. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவுக்குத் தலைமையகம் அந்த ஊர்தான்.

நம்மையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள். இந்திரா காந்தி ராணுவத்தை அனுப்பியதில் இரக்கம் மட்டுமா இருந்தது? பாகிஸ்தானை இரண்டாக உடைக்கிற வாய்ப்பு கசக்குமா என்ன? ஆனாலும் டிசம்பரில் ஜெயித்த ராணுவம் 1972 மார்ச்சில் டாக்காவை விட்டு வந்துவிட்டது. வங்கதேசத்தில் எந்த ஜில்லாவுக்கும் நாம் கலெக்டர் போடவில்லை. நோக்கம் கலப்படம், காரியம் சுத்தம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. (1987 இலங்கை வேறு கதை. அதற்கு ஒரு வாரம் போதாது.)

லிபியா தீர்மானத்தில் 10 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின. அந்த ஐந்தில் இந்தியாவும் ஒன்று. நம்முடைய ஒதுங்கலும் சொக்கத் தங்கம் இல்லை. அரபு நாடுகளில் நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழே கணிசமாக அங்கேதான் போகிறது. யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. வெளியே சொன்ன காரணம், களத்தில் என்ன நடக்கிறது என்று தெளிவான தகவல் இல்லை என்பது. அன்றைக்கு அதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. 2016 செப்டம்பரில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் குழு ஒன்று கிட்டத்தட்ட அதையே எழுதியது: சரியான உளவுத் தகவல் இல்லை, மக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது.

படித்தபோது நம் ஓட்டு சரி என்றுதான் பட்டது. ஆனால் அந்த அறிக்கை ஐந்து வருஷம் கழித்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெங்காசிப் பெண்ணின் கையில் அன்றைக்கு இருந்தது ரேடியோ மட்டும்தான்.